எஸ்டேட் என்றால் தோட்டம் மட்டுந்தானா?

உங்களிடம் ஒரு சிறு கேள்வி. ‘எஸ்டேட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்?

“இது ஒரு கேள்வியா வாத்தியாரே! எஸ்டேட் என்றால் தோட்டம். பாலர் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லுமே!” என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். லயத்து வீட்டில் பிறந்து, பெரட்டு மணி கேட்டுக் கண்விழித்து, தோட்டப் பள்ளியிலேயே படித்து, பயிற்சி முடித்துத் தோட்டப் பள்ளிக்கே ஆசிரியனாகத் திரும்பியவன் நான். எஸ்டேட் என்ற சொல்லை எனக்கு இன்னொருவர் கற்றுத்தர வேண்டுமா என்ன? ஆனால் ஒரு கடிதம் வந்து கற்றுத்தந்தது.

பூச்சோங்கில் என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு படித்த ஒரு பெண்பிள்ளையின் தாயார், ஒருநாள் பள்ளி விட்டதும் என்னைத் தேடி வந்தார். கணவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. முந்தானையில் சுற்றி வைத்திருந்த ஓர் உறையை எடுத்து நீட்டினார். உறையில் கரும்புகை படிந்திருந்தது. சாமி படத்துக்குப் பின்னால் ஏழு மாதம் இருந்ததாம்.

“சார், தோட்டத்த வித்துப் பன்னெண்டு வருசம் ஆச்சி. அவரும் போய்ச் சேந்துட்டாரு. இன்னும் எஸ்டேட்காரவங்க எங்கள விடமாட்டாங்களா? பக்கத்து வீட்டுப் பையன் எஸ்டேட்டுன்னு போட்டிருக்குன்னு படிச்சான். வீட்டக் காலி பண்ணச் சொல்றாங்களோன்னு பயந்துகிட்டு உள்ள வெச்சிட்டேன்.”

அவர் பயந்ததில் வியப்பில்லை. தோட்டம் கைமாறியபோது இப்படித்தான் ஓர் ஆங்கிலக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகுதான் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒருமுறை சூடு கண்டவர் மறுமுறை அஞ்சத்தானே செய்வார்?

உறையின்மேல் கணவரின் பெயர் இருந்தது. அதற்கு முன்னே ‘எஸ்டேட் ஆஃப்’ என்ற இரண்டு சொற்கள். உள்ளே ஒரு வங்கியின் கடிதம். அதில் என்ன எழுதியிருந்தது என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். அதற்கு முன், அந்தத் தாயாரை ஏழு மாதம் தூங்கவிடாமல் செய்த இந்தச் சொல்லின் கதையைக் கேளுங்கள். நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கதை இது.

வேர் எங்கே இருக்கிறது?

எஸ்டேட் என்பது ஆங்கிலேயர் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வாங்கிய சொல். பிரெஞ்சுக்காரர் அதை லத்தீன் மொழியிலிருந்து வாங்கினர். லத்தீனில் அதன் மூலம் ‘ஸ்டேட்டஸ்’. அதற்கு ‘நிற்கும் விதம்’, ‘நிலை’ என்று பொருள். அரசு என்று பொருள்படும் ‘ஸ்டேட்’, மதிப்பு என்று நாம் சொல்லும் ‘ஸ்டேட்டஸ்’, நமது ‘எஸ்டேட்’ ஆகிய மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

நம் தமிழிலும் இதுபோன்ற உறவைப் பாருங்கள். ‘நில்’ என்பதிலிருந்து ‘நிலை’ வந்தது. ‘நிலம்’ என்ற சொல்லையும் அதே வேரோடு சேர்த்துச் சொல்லும் தமிழறிஞர்கள் உண்டு. ஒருவன் நிற்க இடமிருந்தால்தான் ஊரில் அவனுக்கு ஒரு நிலை இருக்கும் என்பதை இரண்டு மொழிக்காரர்களும் கண்டிருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் முதலில் எஸ்டேட் என்றால் ஒருவருடைய வாழ்க்கை நிலை. கிறிஸ்தவத் திருமணத்தில் இல்லறத்தைப் ‘புனித எஸ்டேட்’ என்று ஆங்கிலத்தில் சொல்வது அந்தப் பழைய பொருளில்தான். பிறகு அந்த நிலைக்குக் காரணமான சொத்தையும் அதே சொல்லால் குறித்தார்கள். சொத்திலும் முதன்மையானது நிலம் என்பதால், பெரிய நிலப்பரப்புக்கும் அதுவே பெயராயிற்று. இப்படிக் கிளைவிட்ட சொல்தான் கப்பலேறி நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது.

நம் எஸ்டேட்

மலாயாவுக்கு வந்த வெள்ளைக்காரத் துரைமார் காட்டை அழித்து ரப்பர் நட்டு, அதற்கு எஸ்டேட் என்று பெயரிட்டனர். நம் முன்னோர் அதைத் தோட்டம் என்றனர். எவ்வளவு நிலம் இருந்தால் எஸ்டேட்? அதற்கும் ஒரு கணக்கு உண்டு. நமது தேசிய நிலச் சட்டம் 40 ஹெக்டருக்குக் குறையாத, ஒன்றோடொன்று ஒட்டிய விவசாய நிலத்தையே ‘தோட்ட நிலம்’ என்கிறது. பழைய கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 100 ஏக்கர். அதற்குக் கீழே இருந்தால் சிறுதோட்டம்.

இலங்கையில் கணக்கு வேறு. அங்கே அரசாங்கப் புள்ளிவிவரங்கள் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கின்றன. 20 ஏக்கருக்குக் குறையாத நிலமும், அங்கேயே தங்கி வேலை செய்வோர் பத்துப் பேரும் இருந்தால் அது தோட்டம். மலையகத்தில் தேயிலை பறிக்கும் நம் மக்கள் நகரத்தாரும் அல்லர், கிராமத்தாரும் அல்லர். கணக்கெடுப்பிலே அவர்களுக்கென்று மூன்றாவதாக ஒரு பெட்டி!

இங்கே ஒரு வேடிக்கையை நீங்கள் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒருவன் “எனக்கு ஓர் எஸ்டேட் இருக்கிறது” என்றால் அவன் சொத்துக்காரன். நாம் “நான் எஸ்டேட்டில் இருக்கிறேன்” என்றால், நமக்குச் சொத்தில்லை என்று பொருள்! வீடு கம்பெனியுடையது, நிலம் கம்பெனியுடையது, கோயில் நிற்கும் இடமும் கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போயிற்று.

இந்த வேடிக்கை எத்தனை கொடியது என்பது 1950-களில் வெளிப்பட்டது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். ‘தோட்டத் துண்டாடல்’ என்று நம் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லி வருந்துவது இதைத்தான். வேலையும் வீடும் ஒரே நாளில் போய், குடும்பங்கள் சாலைக்கு வந்தன.

அந்த நேரத்தில்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி வீதம் போட்டு நாமே ஒரு தோட்டத்தை வாங்குவோம் என்று தொழிலாளர்களிடம் பேசினார். 1961-இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாக வாங்கப்பட்டது. எஸ்டேட்டில் வேலை செய்தவர்களுக்கே ஓர் எஸ்டேட் சொந்தமானது! தோட்டமாகவும் சொத்தாகவும் அந்தச் சொல் நம்மவருக்கு இரண்டு பொருளிலும் பொருந்திய நாள் அது. தாத்தா, பாட்டி பெயரில் அந்தச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ் ஏதாவது உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

தோட்டம் போய்த் தாமான் வந்தது

எங்கள் பூச்சோங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் ஈயச் சுரங்கம் என்று இருந்த வட்டாரம் இது. கின்றாரா தோட்டம் இருந்த பக்கத்தில் இன்று பண்டார் கின்றாரா எழுந்து நிற்கிறது. காசல்ஃபீல்ட் என்ற பெயரைத் தமிழ்ப்பள்ளி ஒன்று இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. மரங்கள் போய்விட்டன, பெயர்கள் மட்டும் பள்ளிப் பலகைகளில் நிற்கின்றன. நாட்டில் ‘லாடாங்’ என்ற அடைமொழியோடு விளங்கும் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வாசலில் இன்று பால்மரமும் இல்லை, செம்பனையும் இல்லை. கார்கள்தாம் ஓடுகின்றன.

தோட்டம் இருந்த இடத்தில் வந்த வீடுகளுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் தெரியுமா? ‘ஹவுசிங் எஸ்டேட்’! எஸ்டேட் போய் எஸ்டேட் வந்தது. மலாய்மொழியில் அதற்குத் ‘தாமான்’ என்று பெயர். தாமான் என்றால் பூந்தோட்டம். ஆக, தமிழில் சொன்னாலும் தோட்டம் போய்த் தோட்டமே வந்தது. ஒரே வேறுபாடு, பழைய தோட்டத்தில் நமக்கு வீடு கொடுத்தார்கள். புதிய தோட்டத்தில் நாம் பணம் கட்டி வாங்க வேண்டும்.

சிங்கப்பூர்த் தமிழர் இதனைக் ‘குடியிருப்புப் பேட்டை’ என்று அழகாகச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுக்குப் போனால், தொழிற்சாலைகள் கூடிய ‘இண்டஸ்டிரியல் எஸ்டேட்’டுக்குத் ‘தொழிற்பேட்டை’ என்று பெயர். சென்னையில் 1958-இல் தொடங்கிய கிண்டித் தொழிற்பேட்டை பலரும் அறிந்தது.

‘ரியல் எஸ்டேட்’ என்று ஒன்று உண்டே, அது என்ன? அப்படியானால் பொய் எஸ்டேட் என்று ஒன்று இருக்கிறதா என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்விதான். இங்கே ‘ரியல்’ என்பது பொருள் எனப்படும் ‘ரேஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தூக்கிக்கொண்டு ஓட முடியாத பொருள், அதாவது நிலமும் அதன்மேல் நிற்கும் கட்டடமும். எனவே ‘எஸ்டேட் ஏஜெண்ட்’ என்று பெயரட்டை கொடுப்பவர் தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர் அல்லர். வீடு, மனை வாங்க, விற்க இடைநின்று உதவும் முகவர். நம் நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்க மறவாதீர்கள்.

பத்திரிகையும் ஓர் எஸ்டேட்!

நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையும் ஓர் எஸ்டேட் என்றால் நம்புவீர்களா? பத்திரிகை உலகை ஆங்கிலத்தில் ‘ஃபோர்த் எஸ்டேட்’, அதாவது நான்காவது எஸ்டேட் என்பார்கள்.

பழைய பிரான்சு நாட்டில் மக்களை மூன்று எஸ்டேட்டுகளாகப் பிரித்திருந்தனர். சமயகுருமார் முதலாவது, பிரபுக்கள் இரண்டாவது, மற்ற எல்லாரும் மூன்றாவது. உழுதவரும் உழைத்தவரும் வரி சுமந்தவரும் அந்த மூன்றாவது எஸ்டேட்டில்தான் இருந்தார்கள். 1789 மே மாதம் அரசன் மூன்று எஸ்டேட்டுகளின் சபையைக் கூட்டினான். ஜூன் 17-ஆம் நாள் மூன்றாவது எஸ்டேட்டார், “நாங்களே நாட்டின் சபை” என்று அறிவித்துவிட்டார்கள். அதிலிருந்துதான் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது.

இங்கிலாந்தில் பாராளுமன்றத்து மூன்று பிரிவினருக்கும் அப்பால் நின்று கேள்வி கேட்ட பத்திரிகைக்காரர்களை நான்காவது எஸ்டேட் என்றனர். நாம் ‘நான்காவது தூண்’ என்கிறோம். 1924-இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ போன்ற ஏடுகளை, எழுத்தறிந்த ஒருவர் லயத்துத் திண்ணையில் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது. நம் எஸ்டேட்டுக்குள் அந்த நான்காவது எஸ்டேட் நுழைந்த வழி அதுதான்.

இன்னும் ஒன்று. பின்பக்கம் நீண்டு, சாமான் ஏற்றக் கதவு வைத்த காரை வெள்ளைக்காரர் ‘எஸ்டேட் கார்’ என்பார்கள். அது நாட்டுப்புறப் பெரும்பண்ணைக்காரர்களுக்கு ஏற்ற வண்டி என்பதால் வந்த பெயர்.

கடிதத்தில் இருந்தது என்ன?

இப்போது அந்தத் தாயாரின் கடிதத்துக்கு வருவோம். சட்டத்தில் எஸ்டேட் என்றால், ஒருவர் இறக்கும்போது விட்டுச்செல்லும் சொத்தும் கடனும் சேர்ந்த மொத்தம். வீடு, நிலம், வங்கிப் பணம், நகை, மோட்டார் சைக்கிள், சங்கத்துப் பங்கு, கொடுக்க வேண்டிய பாக்கி எல்லாம் அதில் அடங்கும். மலாய்மொழியில் ‘புசாகா’ என்பதும் இதையே. முன்பு நம் நாட்டில் ‘எஸ்டேட் டியூட்டி’ என்று ஒரு வரி இருந்தது. அது தோட்டத்துக்குப் போட்ட வரி அன்று, இறந்தவர் சொத்துக்குப் போட்ட வரி. 1991 நவம்பர் முதல் தேதியோடு அதை எடுத்துவிட்டார்கள்.

ஆகவே உறையின்மேல் இருந்த ‘எஸ்டேட் ஆஃப்’ என்பது, ‘காலமான இன்னாரின் சொத்துக்குப் பொறுப்பானவருக்கு’ என்று பொருள்படும். உள்ளே எழுதியிருந்தது இதுதான்: அடுக்குமாடி வீட்டுக்காகக் கணவர் வாங்கிய கடன், அதற்கென எடுத்திருந்த காப்புறுதியால் முழுவதும் தீர்ந்துவிட்டது. சொத்துப் பொறுப்பாளர் உரிய பத்திரத்தோடு வந்து நில உரிமைப் பத்திரத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.

நான் படித்துச் சொன்னதும் அந்தத் தாயார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “கடன் தீந்துருச்சா சார்? தீந்துருச்சா?” என்று மூன்று முறை கேட்டார். வீட்டைப் பறிக்க வந்த கடிதம் என்று அஞ்சி, ஏழு மாதமாக இரண்டு இடத்தில் துப்புரவு வேலை செய்து, வீடு போனால் வாடகைக்கு ஆகுமே என்று காசு சேர்த்துக்கொண்டிருந்தார் அவர். நல்ல செய்தி சாமி படத்துக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது!

அதன் பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும், உங்களுக்குப் பயன்படும். கணவர் உயில் எழுதவில்லை. உயில் இல்லாமல் இறந்த முஸ்லிம் அல்லாதார் சொத்தை, 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி பிரிப்பார்கள். அந்தக் குடும்பத்தில் மாமியாரும் உயிரோடு இருந்தார். வீட்டைப் பதினாறு பங்காக வைத்தால், மனைவிக்கு 4, பெற்றோருக்கு 4, பிள்ளைகளுக்கு 8. பெற்றோர் இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. “என் வீடு எனக்கில்லையா?” என்று அவர் திகைத்தார். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏற்கெனவே அவ்வளவு பேச்சுவார்த்தை இல்லை.

நிலம் அல்லது வீடு உள்ள சிறு சொத்துகளுக்கு வக்கீல் வைத்து உயர்நீதிமன்றம் போகவேண்டிய கட்டாயமில்லை. 1955-ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி விண்ணப்பித்தால் அதிகாரியே விசாரித்து உத்தரவு போடுவார். முன்பு இரண்டு மில்லியன் வெள்ளிக்கு மேற்படாத சொத்தே இதில் அடங்கியது. 2024 ஜூலை 15 முதல் அந்த வரம்பு ஐந்து மில்லியன் வெள்ளியாக உயர்த்தப்பட்டிருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் வீடு இதற்குள் அடங்கிவிடும். இறப்புச் சான்று, திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வீட்டுப் பத்திரம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு நானும் உடன் சென்றேன்.

விசாரணை நாளில் அதிகாரி மாமியாரைப் பார்த்து, “உங்கள் பங்கை என்ன செய்ய விரும்புகிறீர்கள்?” என்று மலாயில் கேட்டார். அறுபது வருடம் பால் வெட்டிய கையால் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டி தோட்டத்து மலாயில் சொன்னார்: “காசி மெனந்து, துவான்.” மருமகளுக்கே கொடுத்துவிடுங்கள் ஐயா! வெளியே வந்ததும் மருமகள்தான் முதலில் பேசினார். “வாங்க அத்த, ஒரு டீத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம்” என்றார்.

எல்லாக் குடும்பத்திலும் இப்படி முடிவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே இன்றைக்கே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

ஊழியர் சேமநிதியில் வாரிசாக யார் பெயரை எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். எழுதவேயில்லை என்றால் உடனே எழுதுங்கள். எழுதியிருந்தால் அந்தப் பணம் உரியவர் கைக்கு விரைவாய்ப் போய்ச் சேரும். இல்லையென்றால் பத்திரங்களுக்கு அலைய வேண்டும்.

திருமணத்தைப் பதிவு செய்யாதவர்கள் காலம் தாழ்த்தாதீர்கள். 1982 மார்ச் முதல் தேதிக்குப் பிறகு நடந்த திருமணம், கோயிலில் தாலி கட்டியிருந்தாலும், பதிவு இருந்தால்தான் சட்டத்தின் கண்ணுக்குத் திருமணம். பதிவில்லாத மனைவி பங்கு கேட்டு நிற்கும்போது படும் பாடு சொல்லி முடியாது.

பதினெட்டு வயது நிரம்பிய எவரும் உயில் எழுதலாம். எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். சொத்தைப் பெறப்போகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருந்தால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாது. திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு பொதுவாகச் செல்லாததாகிவிடும். மறுபடி எழுதிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒரு கடிதம் வந்தால், புரியவில்லை என்று மறைத்து வைக்காதீர்கள். படித்த பிள்ளையிடமோ, பள்ளி ஆசிரியரிடமோ, சங்கத்தாரிடமோ அன்றைக்கே காட்டுங்கள். “ஒரு சொல்லைப் படித்தேன், பயந்துவிட்டேன்” என்று நின்றுவிட வேண்டாம். முழுக் கடிதத்தையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நம் பாட்டன்மார் பிறர் எஸ்டேட்டில் உழைத்து, தமக்கென்று ஓர் எஸ்டேட் இல்லாமலே கண்ணை மூடினார்கள். இன்று நம்மிடம் ஓர் அடுக்குமாடி வீடோ, கொஞ்சம் சேமநிதியோ, ஒரு பங்குச் சான்றிதழோ இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் அதுவும் ஓர் எஸ்டேட்தான். அது சிதறாமல் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேரட்டும்.

அந்த மாணவி இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். சென்ற மாதம் வழியில் கண்டேன். “சார், வீட்டுக்கு வர்ற லெட்டர் எல்லாம் இப்ப நான்தான் படிக்கிறேன்” என்றாள். கேட்க மகிழ்ச்சியாக இருந்தது.